வேறு ஆளை நிறுத்தக் கூடாதா?

சென்ற ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், என் ஆயா மூன்று நாள் தொடர்ந்து ஒரே வரிசையில் போய் நின்றார். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயிலுக்கு அருகே நெசவாளர் தெரு ஒன்றில் எங்கள் வீடு. ஆயாவுக்கு மாதந்தோறும் வரவேண்டிய சிறு தொகை ஒன்றை வாங்குவதற்கு அங்கிருந்து அரைமணி நேரம் நடக்க வேண்டும். அஃது எந்த அலுவலகம் என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. ஓர் இடத்தைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாளரத்தின் முன்னால் இதே நிலையில் நின்றிருப்பீர்கள்.

முதல் நாள், சாளரத்துக்கு உள்ளே இருந்தவர், "சர்வர் இல்ல ஆயா, நாளைக்கு வாங்க" என்றார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் நானும் உடன் சென்றேன். அன்றும் சர்வர் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போது ஆயா கேட்டார்:

"ஏம்பா, ஓட்டல்ல ஒரு சர்வர் வரலேன்னா இன்னொரு ஆளை நிறுத்தி இலை போட மாட்டாங்களா? மூணு நாளா வராத ஆளுக்கு வேற ஆளை நிறுத்தக் கூடாதா?"

நான் சிரித்துவிட்டேன். ஆயாவின் தலைமுறைக்குச் சர்வர் என்றால் தோளில் துண்டும் கையில் காபித் தட்டுமாக வரும் மனிதர். 1964-ல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் நடித்தாரே, அந்தச் சர்வர்! எங்கோ ஓர் அறையில் இரைந்துகொண்டிருக்கும் இயந்திரத்துக்கும் அதே பெயர் என்பதை அவர் எப்படி அறிவார்?

ஆனால் சிரிப்பு அடங்கியதும் வெட்கம் வந்தது. நான் கணினி அறிவியல் மூன்றாமாண்டு படிக்கும் மாணவன். ஆயா கேட்டது அறியாமையில் பிறந்த கேள்வியன்று. தரவுத்தளங்களைக் கட்டிக் காக்கும் பொறியாளர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியே அது. ஒரு சர்வர் விழுந்தால் அடுத்த சர்வர் அதன் இடத்தில் நின்று, வரிசையில் இருப்பவருக்குத் தெரியாமலே வேலையைத் தொடரவேண்டும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஃபெயில்ஓவர்’. ஆயாவின் மொழியில் சொன்னால், வேறு ஆளை நிறுத்துதல்.

அந்த மூன்று நாளில் ஆயா இழந்தது என்ன? மூன்று அரைநாள் தார் சுற்றும் கூலி போயிற்று. மளிகைக் கடையில் கடன் ஏறிற்று. அவருடைய இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது என்பதும், பணம் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்தார் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ‘சர்வர் இல்லை’ என்பது சாளரத்துக்கு உள்ளே ஒரு வாக்கியம். வெளியே அது ஒரு மாத்திரை.

அந்த நாள் தொட்டு இதைப் பற்றியே படித்தேன், ஆசிரியர்களைக் கேட்டேன். எனக்குத் தோன்றிய ஒரு கருத்தை நம் கல்லூரி மலர் வாயிலாக நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் முன்னால் வைக்க விரும்புகிறேன்.

சர்வர் எங்கே போகிறார்?

சாளரத்தில் இருக்கும் கணினி வெறும் வாய்தான். கணக்கேடு அங்கே இல்லை. அது எங்கோ தொலைவில், ஒரு பெரிய தரவு நிலையத்தில், தரவுத்தளம் என்னும் வடிவில் இருக்கிறது. ஆயாவின் பெயரைத் தட்டச்சு செய்ததும் அந்தக் கேள்வி கம்பி வழியாகப் புறப்படுகிறது. தெருமுனைப் பெட்டி, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இழைவடம், வழிகாட்டும் ரௌட்டர்கள், தரவு நிலையத்தின் சுவிட்சுகள் எல்லாவற்றையும் கடந்து ஏட்டைத் தொட்டு, பதிலோடு திரும்புகிறது. இவற்றில் எது அறுந்தாலும் சாளரத்தில் கேட்பது ஒரே வாக்கியந்தான்: "சர்வர் இல்லை." பல நேரங்களில் சர்வர் நலமாகவே இருப்பார், அவரிடம் போகும் வழிதான் அறுந்திருக்கும்.

ஆகவே வேறு ஆளை நிறுத்துவது என்றால் இயந்திரத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் போதாது. வழியையும் இரட்டிப்பாக்க வேண்டும். அதன் முறை இதுதான்: இரண்டு இயந்திரங்களை வைத்து, ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் உடனுக்குடன் படியெடுக்கப்படும்படி செய்கிறார்கள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இரண்டு பிணையக் கம்பிகள், அவை சேருவதற்கு இரண்டு சுவிட்சுகள், வெளியே செல்ல இரண்டு ரௌட்டர்கள் இருக்கும். முதன்மையாக இருப்பது, ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு இதயத் துடிப்பு என்றே பெயர். ரௌட்டர்களுக்கிடையே வழங்கும் விஆர்ஆர்பி என்னும் நெறிமுறையில் இந்தத் துடிப்பு வழக்கமாக நொடிக்கு ஒன்று. ஏறத்தாழ மூன்று நொடிக்குத் துடிப்பு கேட்கவில்லையென்றால், காத்திருக்கும் துணை பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

சாளரத்துக் கணினிக்கு இந்த மாற்றம் எப்படித் தெரியும்? தெரியவே வேண்டாம் என்பதுதான் இதன் நுட்பம். இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவாக ஒரு மிதக்கும் முகவரி உண்டு. பொறுப்பில் இருப்பவர் எவரோ அவரிடம் அந்த முகவரி இருக்கும். அவர் விழுந்தால் அது மற்றவர் கைக்கு மாறும். ஓட்டலில் நாம் மேசை எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறோம். கொண்டுவருபவர் யாராக இருந்தால் என்ன?

இதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் புதுமை ஒன்றுமில்லை. தறியில் ஒரு பாவு முடியும்போது, அதை அப்படியே ஓடவிட்டுப் பிறகு புதுப் பாவைத் தேடுவதில்லை. பழைய இழைகளின் நுனி விழுதிலும் அச்சிலும் கோத்தபடி இருக்கும்போதே, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு முறுக்கிப் பிணைத்துவிடுவார்கள். பழையது போகுமுன் புதியது அதன் கையைப் பிடித்திருக்க வேண்டும். ஃபெயில்ஓவரின் அடிப்படையும் இதுவே.

ஒரு கணக்கு

ஒரு சர்வர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் நன்றாக இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மதிப்பெண்தானே என்று தோன்றும். ஆனால் மீதி ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 3 நாள் 15 மணி நேரத்துக்கு மேல். ஆயா நின்ற மூன்று நாள் இந்த மதிப்பெண்ணுக்குள் அடங்கிவிடும்!

இப்போது அதே தரத்தில் இன்னொரு சர்வரைத் துணையாக நிறுத்துவோம். இரண்டும் ஒரே நேரத்தில் விழுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றின் நூற்றில் ஒன்று, அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 53 நிமிடந்தான். மூன்றரை நாளை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கிவிட்டோம்.

ஆனால் இந்தக் கணக்கில் சத்தமில்லாமல் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. புள்ளியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள்: இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் இப்படிப் பெருக்கலாம். ஒரே ஆணியில் இரண்டு விளக்கை மாட்டினால் ஆணி பிடுங்கும்போது இரண்டும் சேர்ந்தே விழும். அப்போது ஒரு விளக்கு வைத்தவனுக்கும் இரண்டு விளக்கு வைத்தவனுக்கும் ஒரே இருட்டு.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். நானும் என் இரு நண்பர்களும் நம் ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பழைய கணினிகளைக் கேட்டு வாங்கி, மேலே சொன்னபடி ஒரு சிறு அமைப்பைக் கட்டினோம். முதன்மைக் கணினியின் கம்பியைப் பிடுங்கினோம். நான்கைந்து நொடிக்குள் இரண்டாவது கணினி பொறுப்பேற்றுப் பதில் சொல்லத் தொடங்கியது. நாங்கள் கைதட்டினோம். அந்த நேரம் பார்த்து, மேசையடியில் இருந்த மின்பலகையின் பித்தானை ஒரு நண்பனின் கால் தட்டிவிட்டது. இரண்டு கணினியும் ஒன்றாக அணைந்தன. இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகியிருந்தோம்! ஆய்வுக்கூட உதவியாளர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு ஆளை நிறுத்தினீங்க, ஒரே நாற்காலியில உக்கார வச்சுட்டீங்களே" என்றார்.

அந்த நாற்காலிதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

பங்குச் சந்தை நின்ற நாள்

நாங்கள் மூன்று மாணவர்கள் செய்த பிழையைப் பெரியவர்கள் செய்யமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் 24-02-2021 அன்று நடந்ததைப் படித்தபோது அந்த எண்ணம் மாறிற்று.

மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தையை அறியாதவர் இருக்கமாட்டார்கள். அதன் மாற்று நிலையம் நம் சென்னையில் இருக்கிறது. இவ்வளவு தொலைவில் வைத்ததற்குக் காரணம், மும்பையை வெள்ளமோ நிலநடுக்கமோ தாக்கினால் சென்னையையும் அதுவே தாக்காது என்பதுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் தொலைவுக்கு ஒரு விலை உண்டு. இழைவடத்தில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடும். நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உள்ள மும்பை-சென்னைத் தொலைவைப் போய்த் திரும்ப, குறைந்தது நொடியில் நூறில் ஒரு பங்கு வேண்டும். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரங்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு பதிவும் சென்னை வந்து திரும்பும் வரை காத்திருப்பது என்பது சந்தைக்கு முடியாத காரியம். ஆகவே ஒரு வரிகூட விடாமல் படியெடுக்க, அருகிலேயே இன்னொரு நிலையமும் வைத்திருந்தார்கள். அதற்கும் முதன்மை நிலையத்துக்கும் இடையே இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒரு நிறுவனம் விழுந்தால் மற்றது நிற்கும் என்பது கணக்கு.

அன்று இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளும் தடுமாறின. காரணம் என்ன? இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட சாலையில் நடந்துவந்த தோண்டும் வேலையும் கட்டுமான வேலையுமே முதன்மைக் காரணம் என்று பங்குச் சந்தையே பின்னர் விளக்கம் தந்தது. நிறுவனங்கள் இரண்டு; ஆயினும் மண்வெட்டிக்குப் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாதே!

அத்துடன் முடியவில்லை. இணைப்பு அறுந்தாலும் முதன்மை நிலையம் தன் வேலையைத் தானே தொடரும் என்றுதான் அமைத்திருந்தார்கள். ஆனால் அங்கிருந்த தரவுச் சேமிப்பகம் எதிர்பாராத விதமாக நடந்து, சர்வர்களுக்கு எட்டாமல் போயிற்று. கொடுக்கல் வாங்கலின் இடர்ப்பாட்டைக் கண்காணிக்கும் அமைப்பு நின்றது. காலை 11.40-க்கு நிறுத்தப்பட்ட வாணிகம், மற்ற நாட்களில் சந்தை மூடும் நேரமான 3.30-ம் கடந்து, 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது. அன்று மட்டும் 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது. சென்னையில் காத்திருந்த மாற்று நிலையத்துக்கு வேலை மாற்றப்படவே இல்லை.

நாற்காலி மட்டுமன்று, இன்னொன்றையும் இங்கே காண்கிறோம். மாற்று ஆள் இருந்தார். அவரை அழைப்பதா வேண்டாமா என்பதற்கு உடனடி முடிவு இல்லை. இதனால்தான் அடுத்த மாதமே செபி என்னும் கண்காணிப்பு வாரியம் கடுமையான விதியைக் கொண்டுவந்தது. முதன்மையான அமைப்பு ஒன்று நின்றால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று நிலையத்துக்குச் சென்றுவிட வேண்டும். எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது என்பதை விபத்து நடக்கும் வேளையில் யோசிக்கக் கூடாது, முன்னமே எழுதி வைக்க வேண்டும் என்பது அந்த விதியின் பொருள்.

சிங்கப்பூரில் நம் தமிழ் மக்களும் கணக்கு வைத்திருக்கும் டிபிஎஸ் வங்கியின் கதையையும் பாருங்கள். 14-10-2023 அன்று ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலையில், ஒப்பந்தக்காரர் ஒருவர் அனுப்பிய தவறான ஆணையால் குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன, வெப்பம் ஏறிற்று. வங்கி உடனே மாற்று நிலையத்துக்குப் போக முயன்றது. ஆனால் பிணைய அமைப்பில் இருந்த ஒரு பிழையால் முழுதாகப் போக முடியவில்லை. அதே நிலையத்தைப் பயன்படுத்திய சிட்டி வங்கிக்கும் இணைப்புச் சிக்கல். ஏறத்தாழ 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மாற்று நிலையம் நன்றாகவே இருந்தது. அதற்குச் செல்லும் கதவுதான் திறக்கவில்லை. விபத்து நாளுக்கு முன்பே அந்தக் கதவைத் திறந்து பார்த்திருந்தால் அன்று திகைக்க வேண்டியிருந்திருக்காது அல்லவா?

ஓர் உறையில் இரு வாள்

‘அப்படியானால் கண்மூடித் திறப்பதற்குள் தானாகவே மாறிவிடும்படி செய்துவிட்டால் என்ன?’ என்று நண்பர்கள் கேட்கலாம். அதிலும் ஆபத்து உண்டு.

கிட்ஹப் என்னும் நிறுவனம் உலகெங்குமுள்ள நிரலாளர்களின் பணிகளைச் சேமித்து வைக்கிறது. 21-10-2018 அன்று, பழுதடைந்துகொண்டிருந்த ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான வேலையின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்த அதன் பிணைய மையத்துக்கும் தரவு நிலையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? 43 நொடி! அந்த 43 நொடிக்குள், கிழக்கு நிலையம் விழுந்துவிட்டது என்று கருதிய தானியங்கி அமைப்பு, மேற்குக் கரையிலிருந்த தரவுத்தளத்தை முதன்மையாக்கிவிட்டது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. தொடர்பு திரும்பியபோது இரு கரையிலும் இரு வேறு ஏடுகள். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. அவற்றைச் சரிபார்த்து ஒன்றாக்கி, சேவை முழுதும் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. 43 நொடித் தவற்றுக்கு ஒரு முழு நாள்!

இதையே வல்லுநர்கள் மூளை இரண்டாகப் பிளந்த நிலை என்கிறார்கள். நம் பெரியோர் ஓர் உறையில் இரு வாள் இருக்காது என்றார்கள். ஆயாவின் பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நானே முதன்மை’ என்று இரண்டு ஏடுகளும் எண்ணிக்கொண்டால், ஒரே தொகை இரண்டு சாளரத்தில் இரண்டு முறை வழங்கப்படலாம். அல்லது ஓர் ஏட்டில் அவர் பெயரே இல்லாமல் போகலாம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், தவறான ஏட்டைத் திருத்த யாரிடம் போவது?

இதற்கு மருந்து இரண்டு. முதலாவது, பெரும்பான்மை. இரண்டு பேர் மட்டும் இருந்தால், எதிராளி இறந்துவிட்டாரா, இடையிலுள்ள கம்பிதான் அறுந்ததா என்று ஒருவரால் அறிய முடியாது. மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். மூவரில் இருவர் ஒப்பினால்தான் பொறுப்பு மாறும். இரண்டாவது, வேலியிடல். புதியவர் ஏட்டைத் தொடுமுன், பழையவரின் மின்சாரத்தை நிறுத்தியேனும் அவர் எழுத முடியாதபடி உறுதி செய்துவிட வேண்டும். சாவியை வாங்கிக்கொண்ட பிறகுதானே அடுத்தவர் கடையைத் திறக்கிறார்? அன்று கிட்ஹப் பொறியாளர்களும், விரைவைவிட ஏட்டின் நேர்மையே பெரிது என்று முடிவு செய்து, நேரமானாலும் பரவாயில்லை என்று பொறுமையாகச் சரிசெய்தார்கள். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு அது நல்ல சான்று.

பழகாத கை உதவாது

இதுவரை சொன்னவற்றை ஒன்றாகக் கட்டிப் பார்க்கிறேன். இரண்டாவது ஆளை நிறுத்துவது எளிது. பணம் இருந்தால் வாங்கிவிடலாம். ஆனால் அவர் தனி நாற்காலியில் இருக்க வேண்டும், எப்போது வரவேண்டும் என்பது முன்னமே எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒரு வேளைக்கு ஒருவரே எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அந்த வேலையைப் பழகியிருக்க வேண்டும். ஒரு நாளும் தறியில் உட்காராதவனை முகூர்த்தச் சேலைக்கு முதல் நாள் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

பங்குச் சந்தை இதையும் கற்றுக்கொண்டது. 02-03-2024 சனிக்கிழமை, விடுமுறை நாளில், தனியாக ஒரு வாணிக அமர்வு நடத்தினார்கள். காலை முதல் பகுதி முதன்மை நிலையத்திலிருந்தும், அடுத்த பகுதி மாற்று நிலையத்திலிருந்தும் உண்மையான கொடுக்கல் வாங்கலோடு நடந்தது. ஒன்றும் உடையாத நாளில் வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பதுதான் உண்மையான தேர்வு. மாதிரித் தேர்வு எழுதாமல் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போகிறவன் கதி நமக்குத் தெரியாததா?

கற்றுக்கொள்ளாதவர்க்கு நேர்ந்ததையும் கண்டோம். கணினி வளர்ச்சியில் முன்னணியில் நிற்கும் தென்கொரியாவில், 26-09-2025 அன்று தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பிடித்தன. 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் ஒரே இரவில் நின்றன. அரசு அலுவலர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஒரு களஞ்சியம், 858 டெராபைட் அளவு, வேறு இடத்தில் படி இல்லாமையால் அழிந்தே போயிற்று. செல்வமும் அறிவும் நிறைந்த நாட்டிலேயே இப்படி என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

ஏழை நாட்டுக்கு இது கட்டுமா?

‘இதெல்லாம் பங்குச் சந்தைக்கும் பெரிய வங்கிக்கும் சரி, சின்ன காஞ்சிபுரத்து அலுவலகத்துக்கு இவ்வளவு செலவு கட்டுமா?’ என்று என் ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

எல்லா அலுவலகத்துக்கும் எல்லாம் வேண்டாம் என்பதே என் பதில். ஏட்டைக் காக்கும் பெரிய நிலையங்களுக்கு மேற்கண்டவை அனைத்தும் வேண்டும். சாளரத்துக்கு வேண்டியவை சிறியவை. இப்போதுள்ள கம்பிக்கு மாற்றாக, வேறு நிறுவனத்தின், வேறு வழியில் வரும் ஒரு செல்பேசி இணைப்பு வேண்டும். கணினிக்கும் இணைப்புப் பெட்டிக்கும் தனித்தனியே மின்கலத் துணை வேண்டும். மாதம் ஒரு முறை, வரிசை இல்லாத பிற்பகலில், முதல் இணைப்பைப் பிடுங்கிவிட்டு இரண்டாவது வேலை செய்கிறதா என்று பார்க்கும் பத்து நிமிடம் வேண்டும். இவற்றில் கடைசியானதற்குக் காசே வேண்டாம். ஆனால் பெரும்பாலும் செய்யப்படாமல் போவதும் அதுவே என்று அஞ்சுகிறேன்.

அதற்கும் மேலே ஒன்று சொல்ல விரும்புகிறேன். எல்லா இயந்திரமும் விழுந்த நாளில் கடைசி மாற்று ஆள் யார்? சாளரத்துக்கு உள்ளே இருக்கும் மனிதர்! மூன்று நாளும் அவர் அங்கேதான் இருந்தார். பல ஆண்டுகளாக ஆயாவை அறிந்தவர் அவர். ஆனால் சர்வர் இல்லாதபோது அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று ஆக்கி வைத்திருக்கிறோம். வரிசை எண் அச்சிட்ட ஒரு பதிவேடு, தொகைக்கு ஓர் உச்ச வரம்பு, இரு கையொப்பம், சர்வர் வந்ததும் அன்றே கணினியில் ஏற்ற வேண்டும் என்ற விதி, இவ்வளவும் கொடுத்து, அவசரத்துக்குப் பாதித் தொகையையாவது வழங்க அவருக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன?

‘பதிவேடு வந்தால் முறைகேடும் வரும், அதை ஒழிக்கத்தானே கணினி வந்தது?’ என்று மறுப்பார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. பொய்ப் பெயரில் பணம் போவது ஏழையின் வயிற்றில் அடிப்பதுதான். ஆனால் வரம்பு கட்டிய பதிவேட்டில் வரும் பிழையைப் பின்னர்க் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம். மூன்று நாள் மாத்திரை இல்லாமல் போனதைப் பின்னர்த் திருத்த முடியுமா? முதற்பிழைக்கு மட்டும் கணக்குப் பார்த்து, இரண்டாவது பிழைக்கு எந்த ஏட்டிலும் இடம் ஒதுக்காமல் இருக்கிறோம். ஏனெனில் ‘சர்வர் இல்லை’ என்று திரும்பிப் போனவர்களின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை இத்தகைய சாளரங்களுக்கு உள்ளே உட்காரப் போகிறோம். சிலர் தொலைவிலுள்ள அந்தத் தரவு நிலையங்களில் வேலைக்குப் போவோம். வணிகவியல் படித்தவர் கணக்கைத் தணிக்கை செய்வார். தமிழ் படித்தவர் அறிவிப்பை எழுதுவார். எங்கே இருந்தாலும் ஒரே ஒரு கேள்வியை மறவாமல் கேட்போம்: ‘இரண்டு இருக்கிறது என்கிறீர்களே, இரண்டும் ஒரே ஆணியிலா?’ பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஆய்வுக்கூடத்தில் கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பதையும் ஒரு செய்முறைப் பாடமாக வையுங்கள். இயங்க வைப்பதை மூன்றாண்டு கற்கிறோம். விழும்போது என்ன செய்வது என்பதற்கு ஒரு வாரமாவது கற்க வேண்டாமா?

நான்காம் நாள் மழை நின்றது. ஆயா தனியாகவே போய்ப் பணத்தை வாங்கி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வந்துட்டாருப்பா அந்த ஆளு" என்றார். பிறகு ராட்டையின் முன் உட்கார்ந்து, மூன்று நாளாகத் தேங்கிக் கிடந்த தாரைச் சுற்றத் தொடங்கினார். "அடுத்த மாசமும் வருவாரா?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.